சீப்பு படாத முடி

ஜூன் 6

வந்து சேர்ந்தாச்சு. நியூசிலாந்து. கோவில்பட்டியிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டால், இதற்கு அங்கிட்டு ஊரே கிடையாது என்று சொல்லிவிடலாம்.

விமான நிலையத்தில் என் பெட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். பேறுகால மருந்துப் பொடி, கருவாடு, சுண்டவத்தல் எல்லாம் போச்சு. என்னென்ன கொண்டுவருகிறேன் என்று நானேதான் எழுதிக் கொடுத்திருந்தேன். காலமெல்லாம் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு நான் போய் எதை ஒளிக்க? கையுறை போட்ட ஒரு பொண்ணு கருவாட்டை மோந்து பார்த்தது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. செக்கிங் என்றால் செக்கிங்தான், நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லெண்ணெய் பாட்டிலை மட்டும் விட்டுவிட்டாள்.

கோமதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கிறதாம். அவள் அம்மா இருந்திருந்தால் அவள்தான் வந்திருப்பாள். அவள் போய் மூணு வருஷம் ஆச்சு, அதனால் நான் வந்தேன். ஊரில் என் கூட்டாளி பரமசிவம் விடாமல் கேட்டான்: "ஆம்பள போயி என்னவே பேறுகாலம் பாக்கப் போறீரு?" பஸ்ஸிலேயே ரெண்டு பேறுகாலம் பார்த்தவன்டே நான் என்று அவன் வாயை அடைத்தேன். ஒன்று பொய். இன்னொன்று நடந்தபோது நான் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. இவ்வளவு பெரிசு என்று யாரும் சொல்லவில்லை.

ஜூன் 8

நாய் பெயர் கரிசல். நம்ம ஊர் மண் நிறம் என்று கோமதி வைத்த பேர். இங்கே ஒருத்தருக்கும் வாயில் நுழையாமல் "கேரி, கேரி" என்கிறார்கள். அதுவும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கிறது.

கர்லி கோட்டட் ரிட்ரீவர் என்று ஒரு ஜாதியாம். சுட்டு விழுந்த வாத்தைத் தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வருமாம். முகம் மழமழவென்று நல்லாத்தான் இருக்கிறது. பின்மண்டையில் ஆரம்பித்து வால் நுனி வரை ஒரே சுருட்டை, மிளகைக் கொட்டி ஒட்டவைத்த மாதிரி.

குட்டியாக வாங்கியபோது கோமதி படம் அனுப்பி, "என் தலை மாதிரியே இருக்குப்பா" என்று சொன்னாள். வாஸ்தவம்தான். எங்கள் வீட்டில் இவள் ஒருத்திக்குத்தான் சுருட்டை. பள்ளிக்கூட நாளெல்லாம் காலையில் ஒரே கூப்பாடாகக் கிடக்கும். அவள் அம்மா முழங்காலுக்கு நடுவில் இவளை அமுக்கிக்கொண்டு சீப்பை வைத்து இழுப்பாள். இவள் அலறுவாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவேன். பொம்பளப் பிள்ளை தலை விஷயத்தில் ஆம்பளைக்கு என்ன சோலி?

மாப்பிள்ளை செண்பகராமனுக்குப் பால்பவுடர் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. நல்ல மாதிரி. நாம் நாலு வார்த்தை கேட்டால் ஒன்று சொல்வார்.

ஜூன் 19

பேத்தி பிறந்தாள். ரெண்டு பேரும் சுகம். எழுதக் கை ஓடவில்லை.

ஜூன் 24

கோமதி வீட்டுக்கு வந்துவிட்டாள். பூண்டுக்குழம்பும் மிளகு ரசமும் வைத்தேன். வாசனைக்கு நாய் அடுப்படியை விட்டு நகரவில்லை. அவள் ரெண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

இங்கே மருத்துவச்சி வீடு தேடி வருகிறாள். ஷெரில் என்று பெயர், நம்ம ஊர் மேட்ரன் மாதிரி ஆள். பிள்ளையைப் பார்த்ததைவிட கோமதியைத்தான் அதிக நேரம் பார்த்தாள். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று கேள்வி மேல் கேள்வி. கோமதி "நல்லாருக்கேன்" என்று முடித்துக்கொண்டாள். ஷெரில் என்னிடமும் கேட்டாள், மாப்பிள்ளை தமிழில் சொன்னார். பச்ச உடம்பு, அசதி இருக்கத்தான் செய்யும், எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை என்று சொல்லச் சொன்னேன். மனசு எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு திரிவதற்கு ஒரு உத்தியோகமா?

பிள்ளை அழுதால் நான்தான் முதலில் எழுந்து போகிறேன். பஸ்ஸில் இருந்தவனுக்குக் காது கூர்மை.

ஜூன் 29

இன்று ஒரு காரியம் செய்தேன். நல்ல மனசோடுதான் செய்தேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வந்ததிலிருந்து பார்க்கிறேன், இந்த நாய்க்கு ஒருத்தரும் முடி வாரவில்லை. அதன் சாமான் பெட்டியில் ஒரு கத்திரி இருக்கிறது, ஒரு துண்டு இருக்கிறது, சீப்பு மட்டும் இல்லை. பிள்ளை பிறந்த வீடு, யாருக்கு நேரம் என்று நானே இறங்கிவிட்டேன். பரட்டைத் தலையோடு ஒரு ஜீவன் வீட்டுக்குள் நடமாடினால் லட்சுமி எப்படி வருவாள்? அதோடு சனிக்கிழமை வேறு. பின்வாசல் படியில் உட்காரவைத்து, நல்லெண்ணெயைச் சூடுகாட்டி உச்சியிலிருந்து வால் வரை தேய்த்து, ஊறவைத்து, ஷாம்பு போட்டு வெந்நீரில் குளிப்பாட்டினேன். தலை காயவைக்கிற மிஷினைக் காட்டினேன். பிறகு என் சீப்பை எடுத்து ஒவ்வொரு சுருளாகப் பிரித்து வாரினேன். அது பாவம், ஒரு சத்தம் போடவில்லை.

வாரி முடித்து எழுந்து பார்த்தால் அங்கே நாயைக் காணோம். இலவம்பஞ்சுக்குக் கறுப்புச் சாயம் போட்டு அவிழ்த்துவிட்ட மாதிரி என்னமோ நிற்கிறது. நடுவில் பழைய முகம் மட்டும் இருக்கிறது. அது என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

கோமதி வெளியே வந்தாள். பார்த்தாள். "ஐயோ, என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வந்து அவள் சிரித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நாய் வாலை ஆட்ட, வாலும் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி ஆட, சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள். எண்ணெய்க் கை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவள் எண்ணெயைத் தொடவே இல்லை.

ஜூலை 2

பாடம் நடந்தது. வாத்தியார் கோமதி, மாணவன் நான், கரும்பலகை நாய்.

இந்த முடிக்குச் சீப்பே காட்டக் கூடாதாம். வாரினால் சுருள் உடைந்து பஞ்சாகிவிடுமாம். மிஷின் காற்றும் ஆகாது. முடி கொட்டுகிற காலத்தில் மட்டும் குளிப்பாட்டுவதற்கு முன்னால் ஒரு பிரஷ், அதோடு சரி.

"கைய நனைச்சுக்கோங்கப்பா" என்றாள். "வட்டமா தேயுங்க. இழுக்காதீங்க. அது எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கமே விட்ருங்க."

"சிக்கு இருந்தா?"

"விரல நனைச்சு மெதுவா ஆட்டணும். அதுவா விடும். அவசரப்பட்டா அறுந்துதான் வரும்."

என் கை மேல் அவள் கையை வைத்துச் சுற்றிக் காட்டினாள். பிறகு தானாகக் காயவிட வேண்டும். காது ஓரத்திலும் வாலிலும் நீட்டிக்கொண்டு நிற்கிறதை மட்டும் கத்திரியால் தட்டிவிட வேண்டும். எண்ணெய் பேச்சே கூடாது. அதன் உடம்பிலேயே ஒரு எண்ணெய் ஊறுகிறதாம், அதனால்தான் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லையாம். நான் ஷாம்பு போட்டு அதை அலசித் தள்ளிவிட்டேன். "ரெண்டு வாரத்துல ஊறிரும், விடுங்க" என்றாள்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அவள் குரல் பழைய குரலாக இருந்தது. உள்ளே பிள்ளை அழுதது. எனக்குக் கேட்டது. நாய்க்குக் கேட்டுக் காதைத் தூக்கியது. கோமதி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் போய்த் தூக்கினேன்.

ஜூலை 11

கரிசல் பழைய வாகுக்கு வந்துவிட்டது. தினம் சாயங்காலம் ஒரு கிண்ணம் தண்ணீரோடு படிக்குப் போனால் அதுவாகவே வந்து என் முழங்காலுக்கு நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறது. வெட்கமில்லாமல் சொன்னால், எனக்கும் அது பிடித்துப் போச்சு. இன்று தெருக்கோடி ஏரியில் குதித்துவிட்டு வந்தது. மேலே சொட்டச் சொட்ட ஈரம், விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் தோல் பொட்டுக்கூட நனையவில்லை. என்ன படைப்பு!

கோமதி தலையில் கொண்டை போட்டது போட்டபடி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று போட்டது. "கொஞ்சம் தலையை வாரிக்கோயேன்மா" என்று சொன்னேன். "வாரி?" என்று கேட்டாள். ரசம் கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 15

மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு கோமதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, நீங்க ஊருக்குப் போம்போது இவளையும் கூட்டிட்டுப் போயிருங்க. உங்க கையிலதான் நல்லாருக்கா."

"பால் யாரு குடுப்பா, நானா?"

அவள் சிரிக்கவில்லை. நான் கேலியாகத்தான் சொன்னேன். அவள் கேலியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஜூலை 18

மத்தியானம் கோமதி சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "கரிசலக் கூட்டிட்டு ஒரு நடை போயிட்டு வாரேன்பா" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெளிக்காற்றுப் பட்டால் அவள் தெளிந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்கினேன். நறுக்கி முடித்து, தாளித்து, இறக்கியும் வைத்தாச்சு, ஆளைக் காணோம். பேத்தியைச் சால்வையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போனேன்.

கரையில் பலகைப் பாலத்தில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்கு மேல் வரை நனைந்திருந்தது. இந்த ஊரில் ஜூலைதான் கடுங்குளிர். கரிசல் அவள் மடியில் குறுக்கே படுத்திருந்தது, எழுந்திருக்க விடமாட்டேன் என்கிற மாதிரி.

"வாத்துக்கு ரொட்டி போட இறங்கினேன்பா. வழுக்கிருச்சு" என்றாள்.

என் கோட்டைக் கழற்றிப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து துணி மாற்றிப் படுக்கவைத்து, கம்பளியைப் போர்த்தி, வெந்நீர் கொடுத்தேன். ரொட்டி பாக்கெட் பிரிக்காமல் அடுப்படி மேடையில் இருந்தது. 'டிக்கெட் எடுத்தேன் சார், எங்கியோ விழுந்திருச்சு' என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள். முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவன்.

கரிசலைத் துண்டால் ஒற்றினேன். வழக்கம் போல விரலை உள்ளே விட்டேன். தோல் வரைக்கும் ஈரம். ஐஸ் மாதிரி இருந்தது. ஒரு குதி குதித்தால் ஏறுகிற ஈரம் இல்லை அது. ரொம்ப நேரம் தண்ணீருக்குள்ளேயே நின்றிருக்கிறது. அது ரொம்ப நேரம் நின்றால், யாரை விட்டுவிட்டு வர மனசில்லாமல் நின்றது?

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். உடனே கிளம்பி வாங்க என்று மட்டும் சொன்னேன். அவர் வருகிற வரைக்கும் பொறுக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த ஷெரில் நம்பருக்கு நானே போட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், "டிக்கெட் ப்ளீஸ்" அளவுதான். "மை டாட்டர் நாட் ஃபைன்" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அந்தப் பொம்பள ஒரு கேள்வி கேட்கவில்லை. வருகிறேன், அவள் பக்கத்தை விட்டு நகராதே என்று சொன்னது மட்டும் விளங்கியது. கதவைத் திறந்து போட்டுவிட்டு கோமதி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன். கரிசலும் வந்து உட்கார்ந்தது.

ஜூலை 19

ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். பேறுகாலத்துக்குப் பின்னால் சில பேருக்கு மனசு இப்படி இருண்டுபோகுமாம். காய்ச்சல் மாதிரி ஒரு நோவுதானாம், மருந்து இருக்கிறதாம், சரியாகிவிடுமாம். பெரிய டாக்டரம்மா சொன்னதை மாப்பிள்ளை எனக்குச் சொன்னார். "நான் வீட்டுல இருந்திருக்கணும் மாமா" என்றார். ஒண்ணும் இல்லைன்னு சொன்னவன் நான்தான் மாப்ள என்றேன். ரெண்டு பேரும் காப்பி மிஷின் பக்கத்தில் நின்று அழுதோம். ஒரு நர்ஸ் வந்து நாற்காலி போட்டுவிட்டுப் போனாள்.

கோமதி டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாளாம். கழுத்தளவுக்குப் போகலாம் என்றுதான் இறங்கினாளாம். இவள் ஒரு அடி வைக்க, கரிசல் குறுக்கே நீந்தி வந்து நெஞ்சில் மோதுமாம். திரும்பத் திரும்ப மோதியதாம். கடைசியில் அது களைத்து முங்கிவிடுமோ என்று பயந்துதான் கரையேறினாளாம்.

ஜூலை 27

வீட்டுக்கு வந்தாச்சு. மாப்பிள்ளை லீவு போட்டிருக்கிறார். கோமதி மருந்து சாப்பிட்டுத் தூங்குகிறாள். பிள்ளைக்குப் புட்டிப்பால். நான் கலக்குகிற பால் கட்டி தட்டுகிறது என்று பால்பவுடர் ஃபேக்டரிக்காரர் குறை சொல்கிறார். சொல்லட்டும்.

ஆகஸ்டு 4

ஷெரில் வந்தாள். அவளுக்கு நாலு இட்லி வைத்தேன். கையால்தான் சாப்பிட்டாள். மனசு எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். பயமா இருக்கு என்று உள்ளதைச் சொன்னேன். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். தலையை ஆட்டி என் தோளில் தட்டிவிட்டுப் போனாள். அந்த உத்தியோகத்தைப் பற்றி முன்பு எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கோமதி இன்று முழுத் தட்டும் சாப்பிட்டாள்.

ஆகஸ்டு 10

சாயங்காலம் வழக்கம் போல கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன். கோமதி பின்னாலேயே வந்தாள். கையில் கரிசலுக்குக் காதோரம் வெட்டுகிற கத்திரி. என் கண் அந்தக் கத்திரியை விட்டு நகரவில்லை.

"பயப்படாதீங்கப்பா" என்றாள். "தலைதான். சிக்கு விழுந்து முண்டு முண்டா கட்டிருச்சு. சீப்பு உள்ளயே போக மாட்டேங்குது. ஒட்ட வெட்டி விட்ருங்க."

கொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். தேங்காய் நார் மாதிரி இறுகிக் கிடந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து இவள் தலையில் நான் கை வைத்ததில்லை, ஆசீர்வாதத்துக்குத் தவிர. கத்திரியை வாங்கிப் படிக்கு அடியில் வைத்தேன். "உக்காரு" என்றேன்.

என் முழங்காலுக்கு நடுவில் கரிசல் ஏற்கனவே முதுகைக் காட்டி உட்கார்ந்தாச்சு. எழுந்திரிடே, இன்னைக்கு உன் முறை இல்லை என்று தள்ளினேன். முனகிக்கொண்டே ஒரு படி கீழே இறங்கிப் படுத்தது. அந்த இடத்தில் கோமதி உட்கார்ந்தாள்.

தண்ணீரை மாற்றி வெதுவெதுப்பாக எடுத்துவந்தேன். நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு. "கரிசலுக்கு ஆகாது, உனக்கு ஆகும்" என்றேன். அவள் முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிப்புதான், எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். விரலை நனைத்து நுனியிலிருந்து ஆரம்பித்தேன். இழுக்கவில்லை. முடிச்சு இருக்கிற இடத்தில் தண்ணீரை வைத்து மெதுவாக ஆட்டினால் விடுகிறது. விடாததை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுருளுக்குப் போய்ப் பிறகு திரும்பி வந்தால் அதுவும் விடுகிறது. வெயில் படியை விட்டு இறங்கிப் புல்லுக்குப் போய்விட்டது.

"வலிக்காம்மா?"

"இல்லப்பா."

பிறகு அவளே கேட்டாள். "அம்மா சீப்ப வச்சு இழுத்துக் கொல்லுவா. உங்களுக்கு யாருப்பா இதச் சொல்லிக்குடுத்தா?"

"நீதான."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கரிசலைப் பார்த்தாள். மறுபடி முதுகைக் காட்டி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து என் கையில் கொடுத்தாள்.

உள்ளே பிள்ளை அழுதது. பழக்கத்தில் நான் கையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க இருங்கப்பா" என்றாள் கோமதி.

பாதித் தலை பிரிந்து தோளில் சுருள் சுருளாகத் தண்ணீர் சொட்டுகிறது, மீதி கொண்டையாக நிற்கிறது. அப்படியே உள்ளே போனாள். பச்ச உடம்புக்காரி ஈரத்தலையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன். அழுகை நின்றது. அவள் என்னமோ சன்னமாகப் பேசுகிறது கேட்டது. என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. அது அவர்கள் ரெண்டு பேருக்குள்.

காலியான இடத்தில் கரிசல் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணைத் துடைத்துவிட்டுக் கையை நனைத்தேன்.

கோமதிக்கு இன்னும் பாதித் தலை பாக்கி இருக்கிறது. நாளைக்கு வெயில் வந்தால் பார்க்க வேண்டும்.